மூலையில் ஒட்டிய பொட்டு

இப்போதெல்லாம் ஒருவரும் வரதட்சணை கேட்பதில்லை. அந்த வார்த்தையைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள். வேறு பெயர் வைத்து, முன்னைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் காலத்துத் திருடனுக்காவது தான் திருடன் என்று தெரிந்திருந்தது.

குண்டூரில் என் தம்பி கோட்டேஸ்வரராவின் மகள் ஹைமாவதியைப் பெண் பார்க்க வந்தவர்கள், பஜ்ஜித் தட்டு காலியாகும் வரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். பையன் பணீந்திரா ஓவியன். பரிசாக ஒரு படம் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தான். ஒரு பெண், உடம்பெல்லாம் சங்கிலி, கண்ணில் நீர்.

"பெண் விடுதலைங்க. இதே மாதிரி நிறைய வரைஞ்சிருக்கேன்," என்றான் என்னிடம்.

"ஒருத்தியைக்கூட அவுத்து விடலையாப்பா?"

அவன் சிரிக்கவில்லை. அவன் அப்பா சாம்பசிவராவ், ஓய்வுபெற்ற கல்லூரி வாத்தியார், தொண்டையைச் செருமினார்.

"வரதட்சணைப் பேச்சே எங்க வீட்ல கிடையாது சம்பந்தி. அதை எதிர்த்து மேடையில பேசினவன் நான்."

தம்பி முகம் மலர்ந்தது. அவன் எப்போதும் அவசரக்காரன்.

"ஆனா ஓவியன் முன்னுக்கு வரணும்னா வரைஞ்சா மட்டும் போதாது. ஹைதராபாத்ல கண்காட்சி வைக்க நல்ல கூடமா வாடகைக்குப் பிடிக்கணும். பளபளன்னு புத்தகம் போடணும். விளக்கேத்த ஒரு பெரிய மனுஷன், அவருக்குச் சால்வை. பேப்பர்க்காரங்களுக்கு விருந்து. அதை மட்டும் நீங்க பாத்துக்கங்க. நகையெல்லாம் உங்க இஷ்டம்."

"இன்னொண்ணு," என்றாள் பையனின் அம்மா. "மொத நாளே உங்க சொந்தக்காரங்க ஆளுக்கொரு படம் வாங்கிடணும். வித்த படத்து மூலையில சிவப்பா ஒரு பொட்டு ஒட்டுவாங்க. பொட்டைப் பாத்தாத்தான் வெளியாளு வாங்குவான்."

"மிளகாய் யார்டு ஏலத்துல இப்படிச் செஞ்சா உதைப்பாங்கம்மா," என்றேன்.

"அண்ணா, சும்மா இரு." தம்பி அவர்கள் பக்கம் திரும்பினான். "மிளகாய்க் கொல்லை இருக்கு. வித்துடறேன் சம்பந்தி."

அந்தக் கொல்லைதான் அந்த வீட்டுச் சோறு. வேறு கிடையாது.

"நான் எதுவும் கேக்கலைங்க," என்றான் பையன், தரையைப் பார்த்து. கேட்காமலே வாங்கத் தெரிந்தவன் கட்டாயம் முன்னுக்கு வருவான் என்று அப்போதே நினைத்தேன்.

காபித் தட்டோடு நின்ற ஹைமா, அதைக் கீழே வைத்துவிட்டுப் படத்தின் முன் குனிந்தாள்.

"இந்தச் சங்கிலியை யாருங்க போட்டது?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சமூகம்."

"செலவு யாரோடது?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அவள் தன் நெற்றியிலிருந்த வெல்வெட் பொட்டை உரித்துப் படத்தின் மூலையில் ஒட்டினாள்.

"நல்ல நாளும் அதுவுமா நெத்தியை அழிச்சுக்கிறாளே," என்று பையனின் அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"பொட்டைப் பாத்தா வெளியாளு வாங்குவான்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. எங்க வீட்டுப் பங்கு இதுதான். கொல்லை விக்கிறதுக்கில்லப்பா."

காபியை விட்டுவிட்டுப் போனார்கள். படத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

பொட்டைத் தானே எடுத்தவள் என்று தெரு பேசியது. அதன்பின் ஒரு வரனும் வரவில்லை. தம்பி அவளோடு பேசுவதையே விட்டுவிட்டான். கொல்லை போட்ட சோற்றை மட்டும் விடாமல் சாப்பிட்டான். பையன் வீட்டாரைப் பற்றித் தெருவில் ஒரு வாயும் திறக்கவில்லை.

மறு வருடம் கண் காட்ட ஹைதராபாத் போயிருந்தேன். பணீந்திராவின் கண்காட்சி என்று சுவரொட்டி பார்த்து உள்ளே நுழைந்தேன். அவனுக்குத் தெனாலியில் பெண் கிடைத்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடக்க, வந்தவர்களுக்குப் பழரசம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சால்வை போர்த்திய ஒருவர் பெண் விடுதலை பற்றிப் பேசினார்.

எல்லாப் படத்திலும் காகிதப் பொட்டு. சங்கிலிக்காரி மூலையில் மட்டும் வெல்வெட்.

"இது எப்ப வித்தது?" என்று பேப்பர்க்காரன் ஒருவன் கேட்டான்.

"குண்டூர்ல ஒரு குடும்பம் முன்னாடியே எடுத்துக்கிட்டாங்க," என்றான் பணீந்திரா. "என்னை முதல்ல நம்பினது அவங்கதான்."

என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவனுடைய தெனாலி மாமனார் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

"இதெல்லாம் உங்களுக்குப் புரியுதாங்க?"

"புரியுது. உங்களுக்கு எத்தனை ஏக்கர் போச்சு?"

அவர் மகளைப் பார்த்தார். கூடத்தில் கைதட்டினார்கள். கலை வளர்கிறதாம். நான் தெருவில் இறங்கி நடந்தேன்.