பன்னிரண்டு நாற்பத்தொன்றான கதை

நெல்லுக்குள் வெளி மரபணுவைப் புகுத்தினால் நூற்றுக்கு நாற்பது தேறும் என்று வேறோர் ஆய்வகம் கட்டுரை வெளியிட்டிருந்தது. அதே முறையில் இந்த ஆய்வக உதவியாளர் செய்தபோது பன்னிரண்டுதான் தேறியது. "உங்க கைப்பக்குவம் சரியில்லம்மா" என்று தலைமை விஞ்ஞானி எட்டு மாதமாக எல்லார் முன்னாலும் அவளைக் கரித்துக்கொட்டினார். விதையிலிருந்து வளர்த்து மரபணுவைப் புகுத்திய திசுக்கட்டிகளைத் தட்டுத் தட்டாக மாற்றி மாற்றி வைத்ததில் அவளுக்குக் கழுத்துவலி வந்ததுதான் மிச்சம்.

இன்று அவர் அச்சுக்கு அனுப்பவிருந்த கட்டுரையை அவளிடம் நீட்டினார். அதில் நூற்றுக்கு நாற்பத்தொன்று என்றிருந்தது.

"சார், நூறு கட்டியில பன்னிரண்டுதானே பிழைச்சுது?"

"ஒவ்வொண்ணுலயும் மூணு நாலு நாற்று முளைச்சிருக்கே. எல்லாத்தையும் எண்ணிட்டேன்."

"ஒரே கட்டியில முளைச்சதெல்லாம் ஒண்ணோட நகல்தான். உங்களுக்கு ரெட்டைப் பிள்ளைங்க. அவங்க அம்மா ரெண்டு தடவை மாசமா இருந்தாங்கன்னா எழுதுவீங்க?"

"ஊரே இப்படித்தாம்மா எண்ணுது. அந்த நாற்பதும் இப்படி வந்ததுதான்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அது முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன?"

"அப்புறம் எதுக்கு சார் என் கையைத் திட்டினீங்க?"

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பேனாவை எடுத்து, கட்டுரையின் தலைப்புக்குக் கீழே மூன்றாவதாக இருந்த தன் பெயரை அடித்தாள்.

"இதைப் படிச்சுட்டு எங்கயோ ஒருத்தி பன்னிரண்டோட நின்னு திட்டு வாங்கப்போறா. அந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேண்டாம்."