விடை வேண்டாம், அண்ணி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வருடம் சாப்பாட்டைவிடப் படிப்புதான் அதிகம் நடந்தது. அண்ணியும் நானும் ஒரே வங்கித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். எனக்கு முதல் முயற்சி. அண்ணிக்கு அதுவே கடைசி. அடுத்த பிறந்தநாளோடு வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

அவளை மிரட்டியது, கொடுத்த தகவல் போதுமா என்று கேட்கும் பகுதி. ஒரு கேள்வி, கீழே இரண்டு கூற்றுகள். எந்தக் கூற்று போதும், இரண்டும் வேண்டுமா, சேர்ந்தாலும் போதாதா என்று குறித்தால் சரி. விடையே வேண்டாம். அண்ணியால் அதுதான் முடியவில்லை. யாரோ ஒரு அக்காவின் வயதைக் கேட்டிருந்தால், அதைக் கண்டுபிடித்து அடிக்கோடு போட்ட பிறகுதான் பேனாவை வைப்பாள். அதற்குள் நேரம் ஓடிவிடும்.

“அவ வயசு உங்களுக்கு எதுக்கு அண்ணி? மாப்பிள்ளை பார்க்கப் போறீங்களா?”

“கேட்டுட்டாங்களே, சொல்லாம எப்படி விடுறது?”

என் வியாதி வேறு. இரண்டாவது கூற்றைத் தனியாகப் பார்க்கும்போதும் முதல் கூற்று மண்டையில் ஒட்டிக்கொண்டு வரும். அண்ணி ஒரு தட்டை எடுத்து முதல் கூற்றை மூடிவிடுவாள். அந்த வீட்டுக் கதையை இந்த வீட்டில் பேசாதே, நாத்தனார் புத்தியைக் காட்டாதே என்பாள். அண்ணன் டீ போட்டு வந்து சர்க்கரை போதுமா என்று கேட்டால், இன்னொரு கூற்று வேண்டும் என்போம். அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவான்.

தேர்வு முடிந்து பேருந்துக்காக நின்றபோது, அண்ணி வரிசைக் கேள்வியைப் பற்றிக் கேட்டாள். வாத்தியார் இடமிருந்து பத்தாவது, டாக்டர் வலமிருந்து எட்டாவது என்றது ஒரு கூற்று. இருவருக்கும் நடுவில் மூன்று பேர் என்றது மற்றது. வரிசையில் மொத்தம் எத்தனை பேர்? இரண்டும் சேர்ந்தால் போதும் என்று யோசிக்காமல் குறித்திருந்தேன்.

அண்ணி தயங்கினாள். “நீ திட்டுவே. நான் புள்ளி வெச்சுப் போட்டே பார்த்துட்டேன். இருபத்தொண்ணு வந்துச்சு. ஆனா டாக்டர் வாத்தியாருக்கு இடது பக்கம் நின்னா பதிமூணு வருது. ரெண்டு விடை வந்தா போதாதுன்னுதானே அர்த்தம்?”

நான் உள்ளங்கையில் விரலால் புள்ளி வைத்து எண்ணினேன். பதிமூன்றும் வந்தது.

முடிவு வந்தபோது அண்ணியின் எண் இருந்தது, என்னுடையது இல்லை. அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“உனக்கு இன்னும் வயசிருக்கு. அடுத்த தடவைக்கும் நான் உன்கூட உக்காந்து படிக்கிறேன்.”

வேறு ஊரில் வேலை கிடைத்து அண்ணனோடு போனவள், சனிக்கிழமைதோறும் பேருந்து பிடித்து வந்தாள். வந்த களைப்பில் மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். நான் எழுப்ப மாட்டேன். அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போட்ட கணக்குகள்தான் மறு வருடம் என்னை உள்ளே தள்ளின.