துளசித் தொட்டிக்கு அடியில் சாவி

பிச்சைமுத்துவின் வீட்டில் முன்கதவுக்கு மூன்று பூட்டு, பின்கதவுக்கு இரண்டு, கோழிக்கூண்டுக்கு ஒன்று. கோழி கிடையாது. பூட்டு இருந்தது.

மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எழுபத்தெட்டாம் ஆண்டு அந்த வீட்டை வாங்கியதிலிருந்து மனிதர் ஒரு முழுப்பகல் வெளியே தங்கியதில்லை. கல்யாணத்துக்குப் போனால், மாப்பிள்ளை மூன்றாம் முடிச்சுப் போடுவதற்குள் இவர் வீடு திரும்பி பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஆணி அடிக்கக்கூட வேலை வாங்கும் மண்டோரிடம் கேட்கவேண்டும். மூன்று தலைமுறையில் முதல் சொந்தச் சுவர் இது. முதல் வாரம் ஆசை தீர எழுபது ஆணி அடித்தார். மாட்டுவதற்குக் காலண்டர் ஒன்றுதான் இருந்தது.

அவர் மனைவி மங்களத்துக்கு ஆசை வேறு. கடல் பார்க்கவேண்டும்.

“எங்க பாட்டன் கப்பல்ல வந்தப்ப பாத்தது. அதுக்கப்பறம் எங்க குடும்பத்துல ஒருத்தரும் பாக்கல. பங்கோர் தீவுக்குப் போலாங்க, அஞ்சே நாளு.”

“வீட்ட யாரு பாத்துக்குவா?”

மூன்று வருஷமாக இந்தக் கேள்வியும் பதிலும் நடந்தன. எண்பத்தொன்றில் டொமினிக் வந்து குறுக்கே விழுந்தான். அடுத்த தெருப் பையன், புதிதாக இன்சூரன்ஸ் ஏஜண்ட். ஈப்போ வெயிலில் டை கட்டி நடப்பான். டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும்.

“அண்ணே, வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுங்க. நெருப்பு, திருட்டு எதுக்கும் பயமில்ல. அக்காவக் கூட்டிட்டு ஜாலியா போயிட்டு வாங்க லா!”

பிச்சைமுத்து எடுத்தார். மங்களம் அன்றே பையைக் கட்டிவிட்டாள். புறப்பட ஒரு மாதம் இருந்தது.

“ஒண்ணு மட்டும்ணே,” என்றான் டொமினிக். “வீடு காலின்னு ஈ காக்காவுக்குத் தெரியக்கூடாது. சாவி ஒங்க இடுப்புலேயே இருக்கணும். நீங்களா தொறந்து வுட்டு திருட்டுப் போச்சுன்னா கம்பெனி கைய விரிச்சிரும்.”

பிச்சைமுத்து தலையாட்டினார். பையன் விவரம் இல்லாதவன் என்று உள்ளுக்குள் பரிதாபப்பட்டார். யாருக்கும் தெரியாவிட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

தோட்டத்தில் ஒரு குடும்பம் வெளியூர் போகிறதென்றால் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே உரக்கச் சொல்லும். அப்புறம் ரப்பர் பால் கொட்டாயில், கோயிலில், கள்ளுக்கடையில். அவ்வளவுதான், லயத்துக்கு நூறு கண் முளைத்துவிடும். ஒருத்தி கோழிக்குத் தீனி போடுவாள், ஒருத்தி விளக்கு ஏற்றுவாள். ஒரு காய்ந்த மிளகாய் காணாமல் போனதில்லை. சொல்லாமல் போனவன் வீட்டைத்தான் ஊரே சந்தேகத்தோடு எட்டிப் பார்க்கும்.

ஆகவே அவர் முறைப்படி சொன்னார். கோப்பிக்கடை ஆ செங்கிடம் சொன்னார். மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கும் ரொட்டி பாயிடம், முடிவெட்டுகிறவரிடம், கச்சாங் பூத்தே கடலை வறுக்கிற பெண்களிடம், கோயில் பூசாரியிடம் சொன்னார். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்து இப்போது லோரியில் ஓடும் சன்னாசியிடமும் சொன்னார்; செய்தி லோரி ஏறிப் பழைய தோட்டத்து ஆட்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் போனது. எல்லோரிடமும் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை: “சாவி துளசித் தொட்டிக்கு அடியில இருக்கு.”

புறப்படும் காலை, பஸ் ஸ்டேஷனில் இருவரும் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு டொமினிக் தலைதெறிக்க ஓடிவந்தான். டை முதுகுப்பக்கம் பறந்தது.

“அண்ணே! ரொட்டி பாய் என்கிட்ட சொல்றான், ஒங்க சாவி எங்க இருக்குன்னு! கோப்பிக்கடையில டாக்சிக்காரன்கூடப் பேசிக்கிறான்!”

“நல்லதுதானே?”

“என்னாண்ணே நல்லது! நாளைக்கு வீட்டுல சுவரு மட்டும்தான் இருக்கும். கம்பெனி ஒரு காசு குடுக்காது. எனக்கு இது மொதோ வீடுண்ணே!”

பிச்சைமுத்துவின் முகம் சாம்பலானது. இது தோட்டமில்லை, ஈப்போ என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “மங்களம், எறங்கு.”

மங்களம் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “வேணும்னா பஸ்ஸோட சேத்து எறக்குங்க.”

“நான் வீட்டு முன்னாலேயே ஒக்காந்துக்கிறேண்ணே,” என்றான் டொமினிக் அழாத குறையாக. பஸ் நகர்ந்துவிட்டது.

பங்கோரில் மங்களம் கடலை முதன்முதலாகப் பார்த்தாள். புடவை முழங்காலுக்கு நனைந்தது கூடத் தெரியாமல் நின்றாள். பிச்சைமுத்து கடலுக்கு முதுகைக் காட்டி, ஈப்போ இருக்கும் திசையைப் பார்த்து மணலில் உட்கார்ந்திருந்தார். அலை வந்து அவர் காலடியில் கழற்றி வைத்த செலிப்பாரை அடித்துக்கொண்டு போனது. அப்போதும் அவர் திரும்பவில்லை.

“இம்மாம் பெருசு. ஒரு பூட்டு இருக்கா பாருங்க,” என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சோறும் இறங்கவில்லை. மங்களம் கொஞ்சநேரம் அவரையும் கொஞ்சநேரம் கடலையும் பார்த்தாள். பிறகு பையைக் கட்டினாள். கேட்ட அஞ்சு நாளில் ஒன்றரை நாள்தான் கிடைத்தது. படகில் கரை மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் பிச்சைமுத்து தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மத்தியானம் தெருமுனை திரும்பியதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

வாசலில் செலிப்பார்கள். நாற்பது ஜோடி இருக்கும். அவர் பிற்பாடு சொல்லும்போது நானூறு ஆகிவிட்டது. கொடியில் யாருடையதோ கைலிகள். உள்ளே அவருடைய வானொலி அலறியது. வீட்டு முன் ஐந்தடி நடைபாதையில் கோப்பிக் கோப்பைகளோடு ஆ செங்கின் ஆள் உட்கார்ந்திருந்தான். எழுபது ஆணியிலும் பை, தொப்பி, சட்டை, ஒன்றில் யாருடைய பல்செட்டோ தொங்கியது. துளசிக்கு ஆளாளுக்கு ஊற்றிய தண்ணீரில் தொட்டி குளமாகிவிட்டது. பின்பக்கம் கல்லடுப்பில் பெரிய சட்டி கொதித்தது. லோரி ஏறி லயமே வந்து இறங்கியிருந்தது.

“அடடே, மச்சான்!” கரண்டியோடு வந்தான் சன்னாசி. “ஏன்டா அதுக்குள்ள வந்துட்ட?”

“வீடு… திருட்டு…”

“திருடனா? நேத்து ஒருத்தன் வந்தான். இவ்வளவு செலிப்பாரப் பாத்துட்டு ‘யாரு வீட்டுக் கல்யாணம்’னு கேட்டான். சாப்பிட வச்சு அனுப்புனோம். நல்ல பசி அவனுக்கு.”

கூட்டத்துக்கு நடுவிலிருந்து டொமினிக் எழுந்தான். டை இல்லை. கன்னமெல்லாம் மசாலா. “அண்ணே, ஊறுகா ஜாடி மட்டும் காலி. அதுக்கு இன்சூரன்ஸ் இல்ல.”

பிச்சைமுத்து வாசலிலேயே நின்றார். லயத்தை இடித்து அந்த இடத்தில் செம்பனை நட்ட பிறகு இந்த முகங்களையெல்லாம் அவர் ஒருசேரப் பார்த்ததில்லை. ஆளுக்கொரு ஊரில் சிதறிப்போனவர்கள், இவர் சாவியைத் தேடி வந்திருந்தார்கள். மண்டோருக்குப் பயப்படாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். “சரி, நானும் வந்துட்டேன்ல, இனிமே…” என்று பையை இறக்கினார்.

“எறக்காத!” என்றான் சன்னாசி. “அஞ்சு நாளுன்னு சொல்லித்தானே போன? நாயித்துக்கெழமை கெடா வெட்டுறதா இருக்கோம். கோப்பெங்குலேருந்து வேற ஆளு வாராங்க. ஒனக்கு எங்க எடம் இருக்கு? கெளம்பு, கெளம்பு.”

பிச்சைமுத்து மனைவியைப் பார்த்தார். மங்களம் தன் பையை இன்னும் கீழே வைக்கவேயில்லை.

கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வாசலில் கிடந்த குவியலிலிருந்து தன் காலுக்குச் சரியான ஒரு ஜோடியைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை பங்கோரில், அவர் முகத்தைக் கடலுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார்.