காலுக்குள் இருந்த கம்பி

நர்ஸ் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உடம்பில் எங்காவது கம்பி, பிளேட், ஸ்குரூ வைத்திருக்கிறதா என்று கேட்டது அந்தப் பெண். என் வீட்டுக்காரர் செபமாலை கொஞ்சமும் யோசிக்காமல் இல்லை என்று தலையாட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் விராலிமலை ரோட்டில் இவர் வண்டியோடு விழுந்ததில், இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. உள்ளே ஒரு சாணுக்கு மேல் நீளமாகக் கம்பி இருக்கிறது. ஒன்றரை வருஷத்தில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் அனுப்பினார்கள். முதலில் கடலை பறிப்பு முடியட்டும் என்றார். அடுத்து மகள் ஏஞ்சல் கல்யாணம். அந்த வருஷம் தள்ளிப்போடச் சொன்னது நான்தான், மறைத்து என்ன ஆகப் போகிறது. அப்புறம், வலிக்கவில்லையே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாயிற்று.

இப்போது ஈரலில் புற்றுக்கட்டி. வெட்டி எடுக்க முடியாத இடம், மருந்துக்கும் கேட்கவில்லை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம், அதற்குப் புதுக்கோட்டையில் வைத்தே ஆள் எடுக்கிறார்கள் என்று ஆவூரிலிருந்து ஓடி வந்தோம். கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்களை ஊசி வழியாகக் கட்டிக்குள் செலுத்தி, ஆளைக் காந்த மெஷினுக்குள் படுக்க வைப்பார்களாம். துகள் சூடேறிக் கட்டியை மட்டும் பொசுக்குமாம். மூன்று தடவை அலைந்து, எல்லா டெஸ்டிலும் தேறி, இந்தப் படிவம் ஒன்றுதான் பாக்கி.

"இருக்கும்மா. எடது கால்ல கம்பி இருக்கு" என்றேன்.

டாக்டர் வந்தார். காந்தத்துக்குள் போனால் அந்தக் கம்பியும் சூடாகும், சுற்றியிருக்கிற சதை வெந்துவிடும், சேர்க்க முடியாது என்றார். கம்பியை எடுத்துவிட்டு வருகிறோம் என்றேன். ஈரல் இருக்கிற நிலைமையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்றார். மரியாதையாகப் பேசுகிற மனுஷன், அவரைத் திட்டவும் வழியில்லை. பைலை வாங்கிக்கொள்ள நான் கவுண்டருக்குப் போனேன். அங்கே முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கீரனூர் வருகிறவரை என் வாய் ஓயவில்லை. பொய் சொல்லிச் சேர்ந்து, மெஷினுக்குள் கால் வெந்து கிடந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். சொன்ன நேரத்தில் கம்பியை எடுத்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா என்றும் கேட்டேன். கீரனூர் தாண்டியதும் அவர் சொன்னார்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம் மேரி. போனா காலுதானே போயிருக்கும்."

எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"காலு போனாப் பரவாயில்லன்னா, அத டாக்டருகிட்டயே சொல்லியிருக்க வேண்டியதுதானங்க."

"சொன்னேன். முட்டிக்குக் கீழ கால வெட்டி எடுத்துட்டு என்னயச் சேத்துக்கங்கன்னு கேட்டேன். அதுக்கும் கத்திதானே வைக்கணும்னாரு."

என் காதில் விழக்கூடாது என்று, நான் வெளியே போகிறவரை காத்திருந்து கேட்டிருக்கிறார். அந்த நேரத்தில் நான் கவுண்டரில் நின்றுகொண்டு இந்த மனுஷனைத்தான் மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தேன்.