இருபத்தேழாம் எண் காரின் சுற்றுகள்

எட்வின் ஹார்கர் கேமராவின் மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கி வைத்திருந்தார். ஜனவரிக் குளிரில் தார்ன்பர் மாஸ் பந்தயத் தடத்தில் பேட்டரியை வெளிப்பையில் வைத்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. போர்க்காலத்தில் விமானம் இறங்கிய வெட்டவெளி அது. கடலிலிருந்து கிளம்பும் காற்றை மறிக்க அங்கே ஒரு மரம் கிடையாது.

"என்ன எட்வின், அடைகாக்குறியா?" என்றாள் பெரில். அந்த வளைவில் கொடி பிடிக்கும் மார்ஷல் அவள். முப்பது வருடம் பிரஸ்டன் நகரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். "குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு குடு கண்ணு. அதை வச்சாவது கையைச் சூடு பண்ணிக்கிறேன்."

"உனக்குத்தான் ஃபிளாஸ்க் இருக்கே."

"அது எட்டு மணிக்கே காலி. நீ ஏன்பா இங்கயே நிக்கிறே? மத்த போட்டோக்காரங்க எல்லாம் கட்டத்துக்கு ஒரு வளைவுன்னு மாறிப் போறாங்க. இங்க என்ன இருக்கு? வைக்கோல் கட்டும் நானும்தான்."

"நீ இருக்கியே, போதாதா?"

"பொய் சொன்னாலும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரில் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

எட்வின் அங்கே நின்றதற்குக் காரணம் இருந்தது, அது பெரிலுக்கும் தெரியும். அந்த வளைவைத் தாண்டினால் தடம் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கட்டத்திலும் கார்கள் அரை நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி மூன்று சுற்று ஓட வேண்டும். சுற்று பாக்கியிருந்தால் வலது பக்கம், மூன்றும் முடிந்திருந்தால் இடது பக்கம் முடிவுக்கோட்டுக்கு. முதல் சுற்றுக் காரும் மூன்றாம் சுற்றுக் காரும் ஒரே தடத்தில் கலந்து ஓடுவதால் முன்னால் போகிறவனைப் பார்த்துக் கணக்கு வைக்க முடியாது. சுற்றை எண்ண வேண்டியது ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காரும் கோ-டிரைவரின் வேலை. தப்பாக எண்ணி ஒரு சுற்று முன்னதாகவே இடது பக்கம் திரும்பிவிட்டால், அந்தக் கட்டத்துக்கு உள்ள ஆக அதிகமான நேரத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள். அதோடு அன்றைய போட்டி அவர்களுக்கு முடிந்த மாதிரிதான்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் எட்வின் அப்படித்தான் எண்ணினார். ரோலண்ட் எக்கர்ஸ்லியின் காரில் பத்தொன்பது வருடம் கோ-டிரைவராக இருந்தவர், இதே இடத்தில், இரண்டாவது சுற்றில், "இடது, இடது!" என்று கத்தினார். குளிர்காலக் கோப்பை கையில் வந்து நழுவியது. வழியெல்லாம் ரோலண்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்வினை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "குளிரா இருக்கு, உள்ள போ" என்றார். அடுத்த பருவத்துக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. எட்வின் ஒரு கேமரா வாங்கினார். ஆண்டுதோறும் ரோலண்டின் காரை எடுத்த நல்ல படம் ஒன்றை உறையிலிட்டு அனுப்பி வந்தார். பதில் வந்ததில்லை. தடத்தில் எதிரெதிரே பட்டால் ஒரு தலையசைப்பு மட்டும் உண்டு.

கார்கள் எத்தனை வந்தாலும் எல்லாவற்றையும் எட்வின் படம் எடுப்பார். எண்ணுவது மட்டும் ஒன்றைத்தான். இருபத்தேழாம் எண், பச்சை நிறம், ரோலண்ட்.

மூன்றாவது கட்டம் நடு மதியத்தில் தொடங்கியபோது பனி கலந்த மழை சாய்வாக அடித்தது. பன்னிரண்டு எட்டுக்கு இருபத்தேழு வந்தது. படம் விழுந்தது. ஒன்று. அடுத்த நிமிடம் கேமராவின் திரை அணைந்தது. எட்வின் மண்டியிட்டு, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, அக்குளிலிருந்த பேட்டரியை எடுத்தார். விரல்கள் மரத்துப் போயிருந்தன. பேட்டரி இரண்டு முறை நழுவிப் புல்லில் விழுந்தது. இத்தனைக்கு நடுவிலும் அவர் கண்ணைத் தடத்திலிருந்து எடுக்கவில்லை. கை பாட்டுக்குத் தடவிக்கொண்டிருந்தது. நீல நிறப் பதினான்கு போயிற்று. வெள்ளை முப்பத்தொன்று போயிற்று. பன்னிரண்டு பதினொன்றுக்குக் கேமரா மறுபடி உயிர் பெற்றது. இருபத்தேழு வரவேயில்லை. எங்கேயோ நின்றுவிட்டது என்று நினைத்தார்.

பன்னிரண்டு பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. முன்பக்கம் முழுக்கச் சேறு. இரண்டு. படம் எடுத்துவிட்டுக் கேமராவை இறக்கியபோது, அது இடது பக்கம் திரும்பியது.

"இன்னும் ஒண்ணு இருக்குடா!" என்று எட்வின் கத்தினார். காற்று அதை வாயோடு வாங்கிக்கொண்டு போய்விட்டது. பெரில் அந்த நேரம் அடுத்த காருக்குக் கொடி காட்டிக்கொண்டிருந்தாள்.

மதிய இடைவேளையில் பெரில் சேதி கொண்டுவந்தாள். இரண்டு சுற்றுதான் என்று அதிகாரிகள் சொன்னதை எதிர்த்து ரோலண்ட் மறுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். தடத்தின் அந்தக் கோடியில் ஒரு கார் சுழன்று நின்றது உண்மை. எண் பலகையைச் சேறு மூடியிருந்ததால் எந்தக் கார், எவ்வளவு நேரம் நின்றது என்று அங்கிருந்த மார்ஷல்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தடம் பிரியும் இடத்தில் நின்று சுற்றுக்கு ஒரு கோடு போட்டு எண்ணியவரின் தாளோ நனைந்து கூழாகிவிட்டது. பத்தே விநாடிதான் நின்றோம், மூன்று சுற்றும் ஓடினோம் என்கிறார் ரோலண்ட். அந்தச் சுற்று போனால் அவருடைய பிரிவில் முதலிடமும் போய்விடும்.

"யாராவது சாட்சி வேணுமாம்" என்றாள் பெரில். தடத்துப் பக்கம் பார்த்துவிட்டு, "வந்தாச்சு, பாரு. நான் கழிப்பறைக்குப் போறேன்" என்று நகர்ந்துவிட்டாள்.

புல்லை மிதித்துக்கொண்டு ரோலண்ட் வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய பேக்கன் ரொட்டி. அறுபத்து மூன்று வயதுக்கு நடை வேகமாகத்தான் இருந்தது.

"எட்வின்."

"ரோலண்ட்."

"முழங்கால் எப்படி இருக்கு? இடது படுத்துமே உனக்கு."

"இப்ப ரெண்டும் படுத்துது."

"வயசாச்சுடா கிழவா." ரோலண்ட் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து நீட்டினார். "பிடி. காரமான சாஸ் போடச் சொன்னேன், உனக்கு அதுதானே ஒத்துக்கும்."

எட்வின் வாங்கிக்கொண்டார். ரொட்டி சூடாக இருந்தது. இருவரும் அலுவலகத்தைப் பார்த்து நடந்தார்கள். ரோலண்ட் தன் மனைவி ஹிலரியின் இடுப்பு அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னார், பழைய காரை வாங்கியவன் அதைக் கோழிக்கூண்டாக்கிவிட்டதைச் சொன்னார். எட்வின் சிரித்தார். இவ்வளவு பேச்சை அவர் எதிர்பார்க்கவில்லை. அலுவலகம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

படிக்கட்டருகே ரோலண்ட் நின்றார்.

"நீ அங்கதானே நின்னே. எல்லாச் சுற்றும் எடுத்திருப்பே."

"ரெண்டு படம் இருக்கு. நடுவுல பேட்டரி போச்சு. ரெண்டு நிமிஷம் கேமரா செத்துக் கிடந்துச்சு."

ரோலண்டின் முகம் மலர்ந்தது. "அப்ப அந்த நேரத்துலதான் போயிருக்கோம். கேமராதானே செத்துச்சு, உன் கண்ணு இல்லையே. பச்சைக் கார் போச்சுன்னு நீ சொன்னா போதும்." பிறகு வேறெங்கோ பார்த்தபடி, "பொய் சொல்லச் சொல்லலடா. பார்த்ததைச் சொல்லு. அவ்வளவுதான்" என்றார். அடுத்து, குரலைத் தாழ்த்தி, "பிப்ரவரி கடைசியில ஒரு ராலி இருக்கு. இப்ப என்கூட வர்ற பொண்ணுக்குப் பரீட்சையாம். இடது சீட்டு காலிதான்."

எட்வின் வாயிலிருந்த ரொட்டியை மெல்ல விழுங்கினார்.

உள்ளே ஹீட்டர் பக்கத்தில் போட்டி அதிகாரி திருமதி பாம்ஃபர்ட் உட்கார்ந்திருந்தார். சுவரோரமாக ரோலண்டின் கோ-டிரைவர் ஃப்ரேயா நின்றிருந்தாள். இருபது வயதிருக்கும். தலைக்கவசத்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

திருமதி பாம்ஃபர்ட் கேமராத் திரையில் படங்களின் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "ரெண்டு படத்துக்கும் நடுவுல நாலே முக்கால் நிமிஷம். ஒரு சுற்றுக்கு ரெண்டு நிமிஷம் பத்து விநாடி. நடுவுல ஒரு தடவை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். கேமரா வேலை செய்யாதப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பேட்டரி மாத்திட்டிருந்தேன்."

"தடத்தைப் பார்க்கலையா?"

'பார்க்கலை' என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று எட்வினுக்குப் புரிந்தது. அப்போது எதுவும் உறுதியாகாது. சந்தேகத்தின் பலன் ரோலண்டுக்குப் போகும். தானும் பெரிய பொய் சொன்னதாக ஆகாது.

ஹீட்டர் கொரகொரத்தது. ரோலண்ட் தொண்டையைச் செருமினார்.

"பார்த்துட்டுதான் இருந்தேன்" என்றார் எட்வின். "பதினாலு போச்சு. முப்பத்தொண்ணு போச்சு. இருபத்தேழு போகலை. ரெண்டு சுற்றுதான்."

"நிச்சயமா?"

"அந்தக் காரை மட்டும் எண்ணிட்டே இருப்பேன்."

திருமதி பாம்ஃபர்ட் எழுதிக் கையெழுத்திட்டார். ரோலண்ட் கதவைத் திறந்தவர், கைப்பிடியை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"சபாஷ். எண்ணக் கத்துக்கிட்டே. பதினோரு வருஷம் லேட்டா!" வெளியில் மெக்கானிக்குகள் திரும்பிப் பார்க்குமளவுக்குக் கத்தினார். "மடப்பயலே! என் ரொட்டியைத் தின்னுட்டு!"

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

எட்வின் வளைவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஃப்ரேயா. மூக்கு நுனி சிவந்திருந்தது, குளிராலா அழுகையாலா தெரியவில்லை.

"நான்தான் தப்பா எண்ணிட்டேன். கார் சுத்தினதும் தலைக்குள்ள எல்லாம் கலைஞ்சு போச்சு. அது மூணாவதுன்னு சத்தியமே பண்ணியிருப்பேன்."

"தெரியும்மா. அந்த இடத்துல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"கட்டம் முடிஞ்சு கார்ல திரும்பறப்ப என்னைக் கன்னாபின்னான்னு திட்டினாரு. பத்து வரைக்கும் எண்ணத் தெரியாத கழுதைன்னாரு. பிப்ரவரிக்கு வேற ஆளைப் பார்க்கிறேன்னாரு."

"கத்தினானா?"

"காது கிழியுற மாதிரி."

"அப்ப வேற ஆளைப் பார்க்க மாட்டான்" என்றார் எட்வின். "கடைசிக் கட்டத்துக்கு நேரமாச்சு, போ. விரலை மடக்கி எண்ணு. மனசை நம்பாதே."

அவள் போகாமல் நின்றாள். "உங்க மேலயும் கத்தினாரா, அப்போ?"

"இல்லம்மா" என்றார் எட்வின். "அப்போ கத்தலை."

மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. விளக்கு போட்டுக்கொண்டு கார்கள் வந்தன. எட்வின் எல்லாவற்றையும் எடுத்தார். இருபத்தேழு மூன்று முறை வந்தது, மூன்றாவது முறை இடது பக்கம் போயிற்று. முடிந்ததும் பெரில் கொடிகளைச் சுருட்டினாள்.

"நேரா வீட்டுக்குத்தானே? வருஷா வருஷம் பரிசு குடுக்கிறதுக்கு முன்னாடியே ஓடிருவியே."

"ஒரு டீ குடிச்சிட்டுப் போறேன்."

பெரில் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

கேண்டீன் ஜன்னல்களில் ஆவி படிந்திருந்தது. உள்ளே ஈரச் சாக்ஸும் வெங்காயமும் மணத்தன. எட்வின் ஒரு டீ வாங்கிக்கொண்டு கதவோரம் காலியாக இருந்த மேசையில் உட்கார்ந்தார். நடு மேசையில் ரோலண்ட், ஃப்ரேயா, மெக்கானிக்குகள். ரோலண்ட் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாரும் பிஸ்கட்டை மூடி வையுங்கப்பா!" என்றார் உரக்க. "கணக்குப்பிள்ளை வந்தாச்சு. யார் எத்தனை தின்னான்னு அதிகாரிகிட்ட போய்ச் சொல்லிருவான்!"

கேண்டீனே சிரித்தது. ஃப்ரேயா மட்டும் சிரிக்கவில்லை. ரோலண்ட் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

எட்வினுக்குக் காது சூடாகியது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எதிரிலிருந்த மூன்று நாற்காலிகளில் ஒவ்வொன்றாக யாரோ வந்து, "ஆள் இருக்கா?" என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். இல்லை, இல்லை, இல்லை என்று மூன்று முறை சொன்னார். பரிசு கொடுக்கத் தொடங்கினார்கள். டீ ஆறிப் போயிருந்தது. அதைக் கடைசிச் சொட்டு வரை மெதுவாகக் குடித்து முடித்த பிறகுதான் எழுந்தார்.