கியர் கம்பியில் சந்தனம்

மருதைக்கு வந்தது விஷக்காய்ச்சல் என்றார் டாக்டர். அது இறங்கின பிறகு வந்தது என்ன என்று கேட்டிருந்தால், அவன் பெண்டாட்டி மயிலம்மாள் ஒரே வார்த்தையில் பொறாமை என்று சொல்லியிருப்பாள். அவளை யார் கேட்டார்கள்?

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வக்கீல் சடகோபாச்சாரியின் காரை வருஷக்கணக்காக ஓட்டி வந்தவன் மருதை. அதற்கு முன்னால் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டினான். வக்கீலைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்ததும் அந்த ஜட்காவில்தான். அவர் கார் வாங்கியபோது, பழகின ஆளை விட மனசில்லாமல் மருதைக்கு லைசென்சு எடுத்துக் கொடுத்துக் காரிலேயே உட்காரவைத்தார். அன்றிலிருந்து அந்தக் கார் வக்கீலுடையது என்பது மருதைக்கு அவ்வளவாக ஞாபகம் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியைக் கழுவி, கியர் கம்பியின் குமிழில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பான். மற்றவர்கள் ஸ்டியரிங்குக்கு வைப்பார்கள். மருதைக்கு வண்டியின் உயிர் அந்தக் கம்பியில்தான் இருந்தது.

அவன் பாயில் படுத்துக் கிடந்தபோது வக்கீல் தற்காலிகமாக ஒரு ஆளை வைத்தார். பாலக்கரைக்காரன், கிறிஸ்தவன், பெயர் கிளமென்ட். முன்பு பஸ் ஓட்டினவன், மருதையைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவன், அதிகம் பேசாதவன். மருதை எலும்பும் தோலுமாக எழுந்து வந்து நின்றதும் வக்கீல் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“காலம்பற கோர்ட்டுக்கு நீ ஓட்டு. மத்தியானத்துக்கு மேலே அவன் ஓட்டட்டும். உன் உடம்பு தேறணுமோல்லியோ?” என்றார்.

அவர் சொன்னது கருணையால்தான். மருதை காதில் அது பாகப்பிரிவினையாக விழுந்தது. ஒரு உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்?

அது போதாதென்று வக்கீல் வீட்டு மாமி வேறு. அவளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உறையூர் நாச்சியார் கோயிலுக்குப் போக வேண்டும். போகும்போது மடியில் ஒரு வெள்ளிச் சொம்பு நிறையப் பால். “கிளமென்ட் ஓட்டினா சொம்புல பால் தளும்பறதே இல்லைடா மருதை. என்ன மாயம் பண்றானோ!” என்று அவனிடமே சொன்னாள். இத்தனை வருஷம் அவன் ஓட்டி எத்தனை ஆழாக்குப் பால் கொட்டியது என்று சேர்த்துச் சொல்லாததுதான் குறை.

சிந்தாமணியில் இருந்த தன் வீட்டுக்கு வந்தால் மருதைக்குச் சாப்பாடு இறங்காது. “அவன் உக்காந்து எந்திரிச்ச சீட்டுல போயி நான் உக்காரணும்னு தலையெழுத்து” என்று தட்டைத் தள்ளுவான்.

“அது காரா, எனக்குச் சக்களத்தியா?” என்பாள் மயிலம்மாள். “என்னை ஒருத்தன் வெறிச்சுப் பாத்தாக்கூட நீங்க இப்படிப் பொசுங்க மாட்டீங்க.”

“உன்னை எவன் பாக்கப்போறான்?” என்றான் மருதை. அன்றைக்கு அவனுக்குக் குழம்பு கிடைக்கவில்லை.

ஒரு விஷயம் அவனை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவன் வைக்கிற சந்தனம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் இடது உள்ளங்கைக்கு வந்துவிடும். மத்தியானம் வண்டியை ஒப்படைக்கும்போது மறுபடி கொஞ்சம் வைத்துவிட்டுப் போவான். அது சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தாலும் வைத்தபடியே, ஓரம் லேசாகக் கலைந்து, குமிழில் காய்ந்திருக்கும். உறையூர் வரை போய்வந்த வண்டி அது. ‘வேதக்காரனுக்கு நம்ம சந்தனம் தொட்டாச் சுடுது போல. விரல் நுனியில தொட்டு ஓட்டுறான், திமிரு’ என்று மருதை நினைத்துக்கொண்டான். வண்டியை இப்படித் தொடாமல் ஓட்டுகிறவனை வண்டிதான் எப்படிப் பொறுத்துக்கொள்ளும்?

வண்டி பொறுத்துக்கொள்ளவில்லை. சித்திரை பிறந்ததும் டாப் கியரில் போகும்போது காலடியிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கிளம்பியது. சில சமயம் கியர் தானாகவே கழன்று நியூட்ரலில் வந்து விழுந்தது. இதில் விசேஷம் என்னவென்றால் சத்தமெல்லாம் கிளமென்ட் ஓட்டும்போதுதான். காலையில் மருதை ஓட்டினால் மூச்சுக் காட்டாது. வக்கீலே இரண்டு மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்.

மருதைக்கு அந்த நாட்களில் பிறந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ‘பாத்தியா, அதுக்கு ஆளு தெரியுது’ என்று வண்டியின் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

வக்கீல் இரண்டு பேரையும் கூப்பிட்டார். “ஒருத்தன் கையில கத்தறது, ஒருத்தன் கையில கத்தலே. நாளைக்கு மெக்கானிக்கை வரச்சொல்லியிருக்கேன். எவன் கையால கெட்டுப்போச்சுன்னு சொல்லட்டும். அவன் அதோட நின்னுக்கலாம். இன்னொருத்தன் முழு நாளும் ஓட்டட்டும்” என்றார். கிளமென்ட் தலையை ஆட்டினான். மருதை அன்றிரவு குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மெக்கானிக் காஜா மைதீன் பாலக்கரையில் கொட்டகை போட்டிருந்தார். திருச்சி டிரைவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் வைத்தியர். மறுநாள் காலையில் வந்தவர், முன் சீட்டின் கால் பலகையைக் கழற்றிவிட்டு, மரப்பிடி போட்ட நீளத் திருப்புளியின் முனையைக் கியர் பெட்டி மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் குனிந்துகொண்டார். வக்கீல் பின்னால் உட்கார்ந்தார், மருதை அவருக்குப் பக்கத்தில் ஓரமாக ஒண்டிக்கொண்டான்.

காவேரிப் பாலம் வரை கிளமென்ட் ஓட்டினான். டாப் கியர் விழுந்ததும் வண்டி பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. அம்மா மண்டபம் ரோட்டில் குளித்துவிட்டு வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மருதைக்குக் கேட்கக் கேட்கக் காது குளிர்ந்தது.

பாலத்திலிருந்து மருதை ஓட்டினான். முதல் கியர், இரண்டாவது, டாப். வழக்கம்போல இடது கையைக் குமிழின்மேல் போட்டு அமர்ந்தான். ஒரு சத்தம் கிடையாது. கீழே காவேரியில் துணி அடிக்கிற சத்தம் கேட்டது, அவ்வளவு அமைதி. கோர்ட்டில் இறங்கும்போது வக்கீல், “சாட்சி சொல்லவேண்டியது வண்டி, சொல்லிடுத்து. நீர் பிரிச்சுப் பார்த்து வையும், சாயங்காலம் வரேன்” என்று காஜா மைதீனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று பேருமாகப் பாலக்கரைக்குத் திரும்பினார்கள். மருதைதான் ஓட்டினான், ராஜா மாதிரி. கொஞ்ச தூரம் போனதும் காஜா மைதீன் காதிலிருந்து திருப்புளியை எடுக்காமலே சொன்னார்.

“மருதை, ராடுலேர்ந்து கையை எடுங்க.”

“எதுக்கு பாய்?”

“சும்மா எடுங்களேன்.”

எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஸ்டியரிங்கில் வைத்தான். வண்டி நாலு வீட்டுத் தூரம் போயிருக்காது, கரகரவென்றது. அடுத்த நிமிஷம் கம்பி தானாகத் துள்ளி நியூட்ரலில் விழுந்தது. மருதை பதறிப்போய் மறுபடி டாப்பில் தள்ளிக் கையால் அழுத்திப் பிடித்தான். சத்தம் நின்றது.

“பாத்தீங்களா பாய், பாத்தீங்களா? என் கை இருந்தாத்தான் அடங்குது. அந்த அளவுக்குக் கெடுத்து வச்சிருக்கான் இவன்!”

காஜா மைதீன் திருப்புளியைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் கிளமென்ட் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

கொட்டகையில் கியர் பெட்டியின் மூடியைத் திறந்து, கறுத்துப்போன எண்ணெயை வடித்து, உள்ளேயிருந்து கவட்டை போன்ற ஒரு இரும்பை எடுத்தார் காஜா மைதீன். துணியால் துடைத்து மருதையின் கையில் கொடுத்தார். அதன் ஒரு பக்கம் கட்டியாக இருந்தது. இன்னொரு பக்கம் கத்தி அலகு போலத் தேய்ந்து பளபளத்தது.

“இது ஃபோர்க். நீங்க கம்பியைத் தள்ளினா இது போயி சக்கரத்தைத் தள்ளும். தள்ளிட்டுச் சும்மா நிக்கணும். மேலே கை பாரமா இருந்துக்கிட்டே இருந்தா, சுத்துற சக்கரத்துல இது உரசிக்கிட்டே இருக்கும். தேஞ்சுபோச்சுன்னா சக்கரம் முழுசாப் போயி உக்காராது. அதான் கத்துது, அதான் கழலுது.”

“நான் பிடிச்சா அடங்குதே பாய்?”

“அடங்கும். பிடிச்சு அழுத்துறீங்கல்ல? அடங்கும், இன்னும் தேயும்.”

மருதை அந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இவன் வந்து மூணு மாசத்துல இப்படி ஆக்கிட்டானா?” என்று கேட்டான். குரல் அவனுக்கே சின்னதாகக் கேட்டது.

“இது வருஷக்கணக்குல தேஞ்சதுங்க. மாசக்கணக்கு இல்லை” என்றார் காஜா மைதீன். “ஜட்கா ஓட்டின கை. வாரைப் பிடிச்சே பழகிப்போச்சு. குதிரைன்னா வாரை விட்டா ஓடிரும். இது எங்கே ஓடப்போகுது?”

அந்தச் சந்தனம் ஏன் கலையாமல் இருந்தது என்று மருதைக்கு அப்போதுதான் உறைத்தது. கிளமென்ட் கியர் மாற்றும்போது மட்டும் தொட்டுவிட்டு உடனே விட்டுவிடுகிறான். அவ்வளவுதான் விஷயம். தன் கையால் கெட்டதே என்று அவன் வருந்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் முதலில் வந்தது வருத்தமில்லை. இதையெல்லாம் கிளமென்ட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தானே என்ற ஆத்திரம்தான் வந்தது.

சாயங்காலம் வக்கீல் ஒரு ஜட்காவில் வந்து இறங்கினார். “என்னங்காணும், எவன் கை?”

டிரைவர்தான் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவருகிறவன். முதலாளி முன்னால் டிரைவரைக் காட்டிக்கொடுக்கிற மெக்கானிக் பாலக்கரையில் கடை வைக்க முடியாது. காஜா மைதீன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “உள்ளே ஒரு சாமான் தேஞ்சிருக்குங்க. புதுசா அடிச்சுப் போட்டுர்றேன்” என்றார்.

“தேஞ்சது தெரியறது. யாராலே? அதுக்குப் பதில் சொல்லும்.”

மருதை வாயைத் திறந்தான். ஒரு வார்த்தைதான், ‘என்னாலதான் சாமி’. சொன்னால் வேலை போகும். போகட்டும், ஸ்டேஷன் வாசலில் ஜட்கா இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் வண்டி? காலையும் கிளமென்டுக்கு, சாயங்காலமும் கிளமென்டுக்கு. வெள்ளிக்கிழமை அதைக் கழுவுவதும் அவன். மாமி அதில் உட்கார்ந்து சொம்பைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

“என் கைன்னே வச்சுக்குங்க ஐயா” என்றான் கிளமென்ட்.

“நான் நெனச்சதுதான்” என்றார் வக்கீல். “ஆத்துக்கு வந்து கணக்கை முடிச்சுண்டு போ.” வந்த ஜட்காவிலேயே ஏறிப் போய்விட்டார்.

ஜட்கா திரும்பி மறைந்தது. மருதை கிளமென்டின் மேல் பாய்ந்தான். “உன்னை யாருய்யா கேட்டா? பெரிய தர்மராசாவா நீ?”

“எனக்கு பஸ்ஸுல எப்பவும் இடம் இருக்குண்ணே” என்றான் கிளமென்ட். “இந்த வண்டியை விட்டா நீங்க கையை எங்கே வைப்பீங்க?”

அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் மருதை ஒரு அறை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். “புதுசு போட்டப்புறம் கையை மட்டும் எடுத்துருங்கண்ணே” என்று சொல்லிவிட்டு கிளமென்ட் சட்டையைத் தட்டிக்கொண்டு நடந்துபோனான். நல்லவனாகவும் இருந்து தொலைத்தானே பாவி என்று மருதைக்கு அழுகையே வந்துவிட்டது. காஜா மைதீன் அவன் பக்கம் திரும்பாமல் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

புது ஃபோர்க் போட்டாயிற்று. கையை எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில் இடது கையைத் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்து பார்த்தான். பாலத்தின் நடுவில் எருமை வந்தபோது கையைத் தேடவேண்டியதாயிற்று. பிறகு ஸ்டியரிங்கிலேயே வைத்துப் பழகினான். கியர் மாற்ற இரண்டு விரல், மாற்றினதும் எடு. திட்டிக்கொண்டே பழகினான். திட்டு யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. மாமி சொம்பு நிறையப் பாலோடு வண்டியில் ஏறினாள். பாலம், சிந்தாமணி தாண்டி உறையூர் வந்தது. நாச்சியார் கோயில் வாசலில் வண்டி நின்றதும் மாமி குனிந்து மடியைப் பார்த்தாள். பிறகு முன்னால் எட்டிப் பார்த்தாள்.

“மருதை, ஒரு சொட்டு தளும்பலேடா! கிளமென்ட்தான் ஓட்டறானோன்னு எனக்குச் சந்தேகமே வந்துடுத்து. அப்படியே அவன் கை!”

“ஆமாங்கம்மா” என்றான் மருதை.

மாமி இறங்கி உள்ளே போனாள். கியர் கம்பியின் குமிழில் காலையில் வைத்த சந்தனம் வைத்தபடி இருந்தது. அவன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான், சுத்தமாக இருந்தது. அந்தக் குமிழைப் பிடித்து ஒரே ஒரு அழுத்து அழுத்தவேண்டும் என்று கை துடித்தது. அழுத்தினால் வண்டி மறுபடி அவனுடையதாகிவிடும், கொஞ்ச நாளில் கத்தவும் ஆரம்பித்துவிடும். வயிறு எரிய எரிய, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு மாமி வரும்வரை உட்கார்ந்திருந்தான்.