மாஸ்க் போட்டவர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தீவிர சிகிச்சைப் பிரிவில் என் பெண் கிடந்த காலத்தில் அது இன்னும் நீண்டுவிட்டது. பக்கத்துப் படுக்கைக் குழந்தையைப் பார்க்க வந்த ஒரு பெரியம்மா, "அழவே மாட்டேங்கிறாளே, சமர்த்துக் குழந்தை" என்று சொல்லிவிட்டார். "தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய் சொருகியிருக்கு, சத்தம் எங்கேர்ந்து வரும்? நல்லாப் பாருங்க, இப்பவும் அழுதுட்டுத்தான் இருக்கா" என்று கத்தினேன். பாவம், அந்த அம்மா கொண்டுவந்த பழப் பையைக்கூட மறந்துவிட்டுப் போனார்.

சிட்டு என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவோம். நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்டாள், நுரையீரலுக்கு வலு போதவில்லை. மூச்சு கழுத்துக் குழாய் வழியாக, சாப்பாடு வயிற்றுக் குழாய் வழியாக. இரண்டு வயது தாண்டியும் அவளுக்குத் தெரிந்த உலகம் அந்த நீளமான அறைதான். அதில் அவள் தானாகக் கற்றுக்கொண்டது ஒன்று: மாஸ்க் போட்டவர்கள் கிட்டே வந்தால் வலிக்கும். கழுத்துக் குழாயில் சேரும் சளியை மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க நர்ஸ்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கொஞ்சினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவள் கை நீட்டுவது ஒரே ஆளிடம்தான், அவள் அப்பாவிடம். அவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டுகிறவர். சாயங்காலம் வந்து கையைக் கழுவிவிட்டு, அவள் நெற்றியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டு கடைக் கதை சொல்வார்.

"இன்னைக்கு ஒருத்தர் குளியலறைக் கதவுக்குக் கண்ணாடி கேட்டு வந்தாருடா சிட்டு. உள்ள இருக்கிறது வெளிய தெரியணுமா வேண்டாமான்னு கேட்டேன். இருங்க, வீட்ல கேட்டுட்டு வரேன்னு போனாரு. ஆளையே காணோம்!"

அவளுக்கு என்ன புரியுமோ, வாயைத் திறந்து தோள் குலுங்கச் சிரிப்பாள். சத்தம் மட்டும் வராது.

வீட்டுக்கு அனுப்பலாம் என்றபோது டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். கழுத்துக் குழாய் அடைத்துக்கொண்டால் உடனே பழையதை உருவிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். வீட்டில் இரண்டு பேருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், இரண்டு பேரும் குழந்தைக்கே செய்து காட்ட வேண்டும். நான் செய்து காட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் பயிற்சிப் பொம்மையில் அநாயாசமாகச் செய்வார், சிட்டு என்றால் பின்வாங்கிவிடுவார்.

"மயிரிழை பிசகாம கண்ணாடி வெட்டுற கை, இதுக்குப் போய் நடுங்குதா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டேன்.

"கை நடுங்கல. அவ என்னைப் பாக்குறா."

"பாத்தா என்னவாம்?"

"அவளுக்கு வலிக்க வைக்காத ஆளு நான் ஒருத்தன்தான். அப்படி ஒருத்தராவது இருக்கட்டுமே."

"அப்ப நான் யாரு? ராட்சசியா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

வழி சொன்னவர் தலைமை நர்ஸ்தான். "தொப்பி, மாஸ்க், கவுன் எல்லாம் போட்டுக்கோங்க சார். தலைமாட்டுல நின்னு செய்ங்க. வாயைத் திறக்காதீங்க. யாருன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

அப்படியே செய்தார். குழாயைப் பிடித்திருக்கும் கழுத்து நாடாவை அவிழ்த்து, பழையதை உருவி, புதியதைச் செருகி, கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிட்டார். பிறகு வெளியே ஓடிப்போய் எல்லாவற்றையும் கழற்றி முகத்தைக் கழுவிக்கொண்டு, இப்போதுதான் வருகிறவர் மாதிரி உள்ளே வந்தார். சிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். கழுத்தைத் தொட்டுக் காட்டிப் புகார் சொன்னாள்.

"யாரு, மாஸ்க் மாமாவா? வரட்டும், முதுகுத் தோலை உரிச்சிடலாம்" என்றார். நர்ஸ்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த முதல் நாள், ஆக்சிஜன் அளவைக் காட்ட அவள் கால் விரலில் மாட்டியிருந்த கருவி அலறியதும், இவர் எழுந்திருக்காமல் வாசற்கதவைப் பார்த்தார். நர்ஸ் வருவார் என்று! வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பழகிய பழக்கம். "யாரும் வர மாட்டாங்க, இனிமே நாமதான்" என்று நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. சளியை நானே எடுத்தேன்.

அவருடைய மாஸ்க்கும் கவுனும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. குழாய் மாற்றும் நாளில் என்னோடு நிற்பார், ஆனால் அந்த வேஷத்தோடுதான் நிற்பார்.

"அவசரத்துல இதையெல்லாம் தேடிட்டு இருந்தீங்கன்னா பிள்ளை போயிடும். புரியுதா?"

"மாட்ட எவ்வளவு நேரம் ஆகப்போகுது, விடும்மா" என்பார்.

சம்பளமில்லாமல் நான் எடுத்திருந்த நீண்ட லீவு முடிந்தது. நான் வேலை செய்வது பெரிய சலவைக்கூடத்தில், துணி தேய்க்கிற பகுதியில். காலையில் அவர் கடைக்குப் போவது, மதியத்துக்கு மேல் நான் போவது என்று ஏற்பாடு. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் சிட்டுவும் அவரும் தனியாக இருப்பார்கள்.

முதல் நாள் உடம்புதான் அங்கே நின்றது. குழாய் அடைத்துக்கொள்ளும், இவர் கதவுக்குப் பின்னால் கவுனுக்குள் கையை நுழைத்துக்கொண்டிருப்பார், அதற்குள் அவள் நீலம் பாரித்துவிடுவாள் என்று மனசு அதையே ஓட்டிக்கொண்டிருந்தது. இடைவேளையில் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லக்கூட இல்லை, ஓடினேன்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. சிட்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உதடு சிவப்பாக இருந்தது, கருவியில் எண் சரியாக இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தரையில் அறுத்துப் போட்ட கழுத்து நாடா கிடந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் பழைய குழாய், அதன் வாயில் காய்ந்த சளி கட்டியாக அடைத்திருந்தது. கவுனும் மாஸ்க்கும் ஆணியிலேயே தொங்கின.

இவர் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"உறிஞ்சிப் பாத்தேன், மெஷின் குழாய் உள்ளயே போகல. உதடு நீலமாயிடுச்சு. கத்தரிக்கோலை எடுத்து நாடாவை அறுத்து மாத்திட்டேன்."

"மாஸ்க்?"

"அதை எங்க நினைச்சேன்? தலைமாட்டுக்குக்கூடப் போகல. அவ முகத்துக்கு நேரா குனிஞ்சு போட்டேன். கண்ணையே மூடல அவ. என்னையே பாத்துட்டு இருந்தா."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். "பிள்ளையைக் காப்பாத்திட்டீங்க."

"எனக்குத் தெரியுது. அவளுக்கு யாரு சொல்றது?"

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். "சிட்டு, இன்னைக்குக் கடையில என்ன நடந்துச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தார். அவள் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் இன்னொரு அடி வைத்தார். அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் கதையை முடிக்காமல் நின்றார். நான் கை நீட்டினேன். என்னிடமும் வரவில்லை.

அவரையும் அவள் ஒரு நாள் இப்படிப் பார்க்கட்டும், அப்போதுதான் தெரியும் என்று ஆத்திரத்தில் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அவள் அப்படிப் பார்த்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். அறை வாசலில் இருவரும் உட்கார்ந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கழுத்தில் வைத்த கையை எடுக்காமல், சத்தமில்லாமல் அழுது அழுது, சுவரில் சாய்ந்தபடியே அவள் கண் சொருகியது.

அவள் நன்றாகத் தூங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம்.